எல்லா மருத்துவருக்கும் ஒரே மருந்துப் பட்டியல்: டென்மார்க்கின் பொது மருந்து அட்டை எப்படி வேலை செய்கிறது?

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் ஒருவர், 2.5 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு, அதாவது 15 மில்லிகிராம், வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சிறுநீர்த் தொற்று வருகிறது. வேறொரு மருத்துவர் கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதிக் கொடுக்கிறார். இரண்டு மருந்துமே உடல் ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினைப் பயன்படுத்துவதைத் தடுப்பவை. போதாக்குறைக்கு, கோ-ட்ரைமாக்ஸசோல் மெத்தோட்ரெக்ஸேட்டைச் சிறுநீரகம் வெளியேற்றும் வேகத்தையும் குறைக்கிறது. வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜையின் வேலை படுத்து, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரியும், உயிரே போகலாம். இந்தச் சேர்க்கையின் ஆபத்து மருந்தியல் பாடநூல்களில் இருக்கிறது. அந்த நோயாளி ஏற்கெனவே மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறார் என்ற விவரம் மட்டும் வேறொரு மருத்துவமனையின் கணினிக்குள் அடைந்து கிடக்கிறது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் டென்மார்க் நாடு முழுவதற்குமாக ஒரு பொது மருந்து அட்டையை உருவாக்கியது. அங்கே ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கக் குடிமக்கள் எண் உண்டு. 1968 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு குடும்ப மருத்துவர், மருத்துவமனை, மருந்துக் கடை, வீட்டுக்கு வரும் செவிலியர் எல்லோரும் ஒரே பட்டியலைத் திறக்கிறார்கள். ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வதில்லை.

பட்டியலின் அமைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேல் அடுக்கில் சிகிச்சை முடிவு: எந்த மருந்து, எதற்காக, எவ்வளவு, எந்தத் தேதி முதல் எதுவரை. அதன் கீழே, அந்த முடிவுக்காக எழுதப்பட்ட மருந்துச்சீட்டுகள். அதற்கும் கீழே, கடையில் உண்மையில் கொடுக்கப்பட்டவை. இப்படிப் பிரித்து வைத்திருப்பதால், எழுதிக் கொடுத்தும் வாங்காத மருந்து பளிச்சென்று தெரிகிறது. ஒரு மாதத்துக்கான இரத்த அழுத்த மாத்திரையை மூன்று மாதமாகியும் ஒரு முறைதான் வாங்கியிருக்கிறார் என்றால், அழுத்தம் குறையவில்லையே என்று மருத்துவர் அளவைக் கூட்டுவதற்கு முன் நோயாளியிடம் பேச வேண்டும். அதைப் பாராமல் கூட்டிவிட்டு, அவர் மருத்துவமனையில் படுக்கும்போது செவிலியர் வேளை தவறாமல் கொடுத்தால், அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடும்.

அளவு எழுதும் விதத்துக்கும் உயிர்ப் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ‘சொன்னபடி எடுக்கவும்’ என்று வெறும் வாக்கியமாக இருந்தால் மென்பொருளால் எதையும் சரிபார்க்க முடியாது. எத்தனை மாத்திரை, எந்த வேளை, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை மருந்து என்றால் கிழமையையும் சேர்த்தே எழுத வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் கொடுத்துவிடும் பிழை உலகம் முழுக்க மரணங்களை உண்டாக்கியிருக்கிறது. அதற்கு இந்த ஒரு கட்டம் பெரிய தடுப்பு.

நோயாளி மருத்துவமனைக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும்தான் பிழைகள் குவிகின்றன. டென்மார்க்கில் ஒருவரைச் சேர்த்ததும் அவருடைய அட்டையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க முடியும். வெளியே இருப்பவர்கள் அதைப் பார்த்து, இப்போதைக்கு இந்தப் பட்டியலை நம்பி மருந்து கொடுக்கக் கூடாது என்று புரிந்துகொள்வார்கள். சேர்த்த 24 மணி நேரத்துக்குள் பழைய பட்டியலை ஒப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டல். ஒப்பிடும்போது திரையை மட்டும் நம்பக் கூடாது. குறைந்தது இரண்டு வழியில் விவரம் வேண்டும்: திரையில் இருப்பது ஒன்று, நோயாளியோ வீட்டாரோ பையோடு கொண்டுவரும் மாத்திரை அட்டைகள் இன்னொன்று. கூடவே சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இஜிஎஃப்ஆர் அளவு 30-க்குக் கீழே இறங்கியிருந்தால், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு முடிவு தேவை: தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா. நிறுத்தினால் பாக்கி இருக்கும் மருந்துச்சீட்டையும் ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் கடையில் அதே மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு, பட்டியல் இன்ன தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று மருத்துவர் குறிக்கிறார். இந்தக் குறியைத்தான் நான் முழு அமைப்பின் உயிர்நாடி என்பேன். எல்லோரும் திருத்தக்கூடிய பட்டியலை யாரோ திருத்தியிருப்பார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டால், முடிந்துபோன மருந்துகள் அதில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

பட்டியலுக்குள் வராத மருந்துகளும் உண்டு. சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை, மூலிகை மருந்து, மருத்துவமனைப் பிரிவே நேரடியாகக் கையில் கொடுக்கும் மருந்து ஆகியவை கடைப் பதிவில் தாமாக ஏறாது. எனாலப்ரில் போன்ற அழுத்த மருந்தோடு நீர் மாத்திரையும் எடுப்பவர், மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபேனையும் வாங்கிச் சாப்பிட்டால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். அதனால்தான் வாயால் கேட்பது கட்டாயம்.

ஒவ்வாமைப் பகுதியும் குப்பையாகிவிடும் இடம். பென்சிலின் ஒவ்வாது என்று பதிவான பெரும்பாலோருக்குச் சோதித்துப் பார்த்தால் அந்த ஒவ்வாமை இருப்பதில்லை. குமட்டலா, தடிப்பா, மூச்சுத்திணறலா, எந்த ஆண்டு என்று எழுதாமல் ‘பென்சிலின்’ என்று மட்டும் எழுதினால், தேவையில்லாமல் வீரியமான வேறு மருந்துக்குப் போக வேண்டிவரும்.

எச்சரிக்கைகள் அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதல்தான். 2006-இல் வெளியான ஒரு மீளாய்வில், மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்களால் கடந்து செல்லப்பட்டன என்று தெரிந்தது. சின்ன விஷயங்களை ஓரத்தில் காட்டிவிட்டு, மெத்தோட்ரெக்ஸேட்-கோ-ட்ரைமாக்ஸசோல் போன்றவற்றுக்கு மட்டும் திரையை மறித்து நிறுத்துவதே சரி.

டென்மார்க் குடிமக்கள் தங்கள் அட்டையைத் தாங்களே இணையத்தில் பார்க்கலாம்; யார் திறந்து பார்த்தார்கள் என்ற பதிவும் அங்கே கிடைக்கும்.

இந்தியாவில் மருத்துவப் பதிவுகளை இணைக்கத் தரப்படும் ஆபா என்ற சுகாதாரக் கணக்கு எண் 14 இலக்கம் கொண்டது, அமைப்பும் வேறு. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி சம்மதித்தால் இன்னொருவருக்குப் போகும். அப்படி வருவது ஆவணங்களின் தொகுப்பு. நடப்பு மருந்துப் பட்டியலை அதிலிருந்து யாராவது தொகுத்தெடுக்க வேண்டும். மருந்துச்சீட்டின் புகைப்படம்தான் வருகிறது என்றால் மருத்துவர் கண்ணால் படிக்கலாம், மென்பொருள் அதைச் சரிபார்க்காது. ஒரே மூலப்பொருளுக்கு எண்ணற்ற வணிகப் பெயர்கள் இருக்கும் நாட்டில் இது சிறிய குறையில்லை. புனேயில் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனத்தில் இயங்கும், மின்னணு மருத்துவப் பதிவுத் தரங்களுக்கான தேசிய மையம், இந்திய வணிகப் பெயர்களை மூலப்பொருளோடு இணைக்கும் பொதுக் குறியீட்டுத் தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. மருத்துவமனை மென்பொருள்கள் அந்தக் குறியீட்டில் மருந்தை எழுதத் தொடங்கினால், இரண்டு வெவ்வேறு பெயரில் ஒரே மருந்தை ஒருவர் இரட்டிப்பாகச் சாப்பிடுவதைக் கணினியே பிடித்துவிடும்.