அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கட்டடத்தைப் பாருங்கள்

வாங்கப் போகும் வீட்டின் கட்டடத்தைச் சோதித்துச் சொல்வது என் வேலை. போன ஐப்பசியில் சென்னை நங்கநல்லூரில் ஒரு ஃபிளாட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். 22 வருடக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் புதுப் பெயின்ட் வாசனை. வாங்கப் போகிறவர் 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

படுக்கையறை சீலிங்கைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். கெட்டியாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், பாத்ரூம் சுவரை ஒட்டி வந்ததும் பொத்துப் பொத்தென்று மாறியது. பூச்சு தளத்தை விட்டு விலகி நிற்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கொத்திப் பார்த்தோம். உள்ளே கம்பி துருவேறி, ஊதி, பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

மேல்வீட்டுப் பாத்ரூம் தரைக்கு அடியில் பல வருடங்களாகத் தண்ணீர் கசிந்திருக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளியே தள்ளும். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் வரை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பழுது உங்கள் சீலிங்கில், காரணம் அடுத்தவர் வீட்டில். அவர் தரையைத் தோண்டச் சம்மதிக்காமல் நீங்கள் கீழே எத்தனை முறை பூசினாலும் காசு வீண்.

"பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்துட்டுத்தானே சார் போனார்?" என்று வாங்கப் போகிறவர் கேட்டார். பலரும் இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பேங்க் அனுப்புகிறவர் வருவது, கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று மதிப்புப் போட. சீலிங்கைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை இல்லை. வக்கீல் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்கிறார். கட்டடத்தை உங்களுக்காக யார் பார்த்தார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை.

அதனால் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே கட்டடத்தைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள். அவசரம் என்று அட்வான்ஸ் கேட்டால், கட்டடத்தில் பெரிய பழுது தெரியவந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

யாரைக் கூப்பிடுவது? நம் ஊரில் வீட்டுப் பரிசோதகர் என்று தனி உரிமம் கிடையாது. பழைய கட்டடங்களில் ரிப்பேர் வேலை பார்த்துப் பழகிய சிவில் இன்ஜினியராகத் தேடுங்கள். புரோக்கர் அழைத்துவரும் ஆள் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அடுத்த வேலையும் அந்த புரோக்கரிடமிருந்துதான் வர வேண்டும். சோதித்தவரே ரிப்பேரையும் எடுத்துச் செய்வது சரியில்லை என்பது என் கருத்து. என்னைக் கேட்டாலும் மறுத்துவிடுகிறேன். முன்பு எழுதிய ரிப்போர்ட் ஒன்றைப் பெயர் விலாசம் மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தில் "நல்ல நிலையில் உள்ளது" என்று மட்டும் இருந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.

அவர் வரும்போது நீங்களும் கூடவே இருங்கள். பகலில், கரன்ட் இருக்கும்போது, டேங்க் நிறைந்திருக்கும்போது, மொட்டைமாடிச் சாவியோடு. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடச் சொல்வேன். மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் கரன்ட்டைத் துண்டிக்கிறதா என்று பார்ப்பேன். போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 2000-ஐத் தாண்டினால் அது குடிக்கும் தண்ணீர் இல்லை.

அப்புறம் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுங்கள். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் என்றால் இதை விடவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023-இல் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாள் நின்றது என்று கையை வைத்தே காட்டுவார். மீட்டர் பெட்டியைப் பிறகு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

எங்களுக்கும் எல்லாம் தெரிந்துவிடாது. அஸ்திவாரம், சுவருக்குள் போகும் குழாய், அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ஓதம் இவையெல்லாம் கண்ணுக்கு எட்டாதவை. கான்கிரீட்டில் அழுத்திச் சோதிக்கும் ரீபவுண்ட் ஹேமர் என்ற கருவி அதன் மேல்பரப்புக் கடினத்தைத்தான் காட்டும். உறுதியை நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால் கோர் (துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து லேபில் உடைத்துப் பார்க்க வேண்டும். பார்க்க முடியாமல் போன இடங்களையும் ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்படி எழுதாத ரிப்போர்ட் முழுமையானது இல்லை.

நங்கநல்லூர்க்காரர் அந்த வீட்டை விட்டுவிடவில்லை. மேல்வீட்டுக்காரர் பாத்ரூமைச் சரிசெய்வதாக எழுதிக் கொடுத்த பிறகு, சீலிங் ரிப்பேர் செலவை விலையில் கழித்துக்கொண்டு வாங்கினார்.

ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவான புது ஃபிளாட் என்றாலும் ஒப்படைப்புக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2016-ஆம் வருட ரேரா சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் நீங்கள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறைகளை பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லாமல் போட்டோவோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, சாவி வாங்கிய தேதி உள்ள கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.