மேரி கியூரி போஸ்ட்டாக் போடுறவங்க முதல்ல காலண்டரை எடுங்க

ஐரோப்பிய யூனியன் குடுக்குற மேரி ஸ்க்வோதோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு நம்மூர்ல இருந்து வருஷா வருஷம் போடுறாங்க, நல்ல பேப்பர் வெச்சிருக்கவங்க கூட வாசப்படியிலயே திரும்பி வர்றாங்க, அதுவும் ஆராய்ச்சி சரியில்லன்னு இல்ல, ஒரு தேதி தப்பாப் போச்சுன்னு. அதைப் பாத்து மனசு ஆறாமதான் எழுதுறேன்.

திட்டம் என்னன்னு ரெண்டு வரில: ஹொரைசன் யூரோப்ங்கிற 2021-2027 நிதித் திட்டத்துல ஒரு பகுதி, பிஎச்டி முடிச்சவங்க எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் போடலாம், வயசு வரம்பு கிடையாது, ஐரோப்பாவுல ஒரு யுனிவர்சிட்டிலயோ இன்ஸ்டிட்யூட்லயோ 12 மாசத்துல இருந்து 24 மாசம் வரை சம்பளத்தோட வேலை. 2024ல 10,360 பேர் போட்டாங்க, 1,696 பேருக்குக் கெடைச்சுது, 2025ல போட்டவங்க எண்ணிக்கை 17,058 ஆயிடுச்சு. கீழ நான் சொல்ற விதியெல்லாம் 2025 கால்ல (call, அதாவது அந்த வருஷத்து விண்ணப்ப அறிவிப்புல) இருந்தது, நீங்க போடுற வருஷத்துக்கான கைடை டவுன்லோட் பண்ணி ஒரு தடவை ஒத்துப் பாத்துக்கோங்க.

நெறைய பேரைக் கவுக்குறது மொபிலிட்டி ரூல்தான். டெட்லைனுக்கு முந்தின 36 மாசத்துல, நீங்க போகப்போற நாட்டுல மொத்தமா 12 மாசத்துக்கு மேல தங்கியிருக்கவோ படிச்சிருக்கவோ வேலை பாத்திருக்கவோ கூடாது. தொடர்ச்சியா 12 மாசம்னு நெனச்சுக்கிறாங்க, அப்படி இல்ல, துண்டு துண்டா இருந்ததும் கூட்டுக் கணக்குதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி பிஎச்டி நடுவுல ஒரே நாட்டுக்கு மூணு தடவை லேப் விசிட் போயிருந்தா, தோராயமா பத்து மாசம் இருக்கும்ணான்னு சொன்னா, பாஸ்போர்ட்டை மேசையில விரிச்சு வெச்சு ஒவ்வொரு சீலா நோட்டுல எழுதி நாளைக் கூட்டுனா 12 மாசம் 19 நாள் வருது. ப்ரபோசல், அதாவது ஆராய்ச்சித் திட்ட விண்ணப்பம், முழுசா எழுதி முடிச்ச பிறகு தெரிஞ்சுது அது. அன்னிக்கு அவ மூஞ்சியப் பாத்தது இன்னும் மறக்கல. அதனால அங்க உங்களைச் சேத்துக்கப்போற சூப்பர்வைசருக்கு முதல் மெயில் போடுறதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கைப் போட்டுருங்க, நாள் கூடுதுன்னா பக்கத்து நாட்டுல ஹோஸ்ட் (உங்களைச் சேத்துக்குற யுனிவர்சிட்டி, இன்ஸ்டிட்யூட்) தேடலாம், ஏன்னா கணக்கு நாட்டுக்குத்தான், ஐரோப்பா முழுசுக்கும் இல்ல.

அடுத்தது பிஎச்டி தேதி. டெட்லைனுக்குள்ள வைவா, அதாவது தீசிஸ் வாய்மொழித் தேர்வு, வெற்றிகரமா முடிஞ்சிருக்கணும், பட்டம் கையில வராட்டியும் பரவால்ல. தீசிஸ் சமர்ப்பிச்சாச்சுன்னா மட்டும் பத்தாது. நம்ம யுனிவர்சிட்டிகள்ல தீசிஸ் குடுத்ததுக்கும் வைவாவுக்கும் நடுவுல எத்தனை மாசம் போகும்னு உங்களுக்கே தெரியும், எக்ஸாமினர் ரிப்போர்ட் வரல, ஃபைல் மேல போயிருக்கு, அடுத்த வாரம் வாங்கன்னு அலைய விடுவாங்க. கேட்டு நிக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க, வைவா முடிஞ்ச அன்னிக்கே முடிஞ்சதுக்கான கடிதத்தைத் தேதியோட, சீலோட வாங்கிருங்க. இன்னொரு பக்கம் பிஎச்டிக்கு அப்புறம் ஆராய்ச்சி அனுபவம் 8 வருஷத்துக்கு மேல போகக் கூடாது. பிரசவம், உடம்பு சரியில்லாம இருந்தது, ஆராய்ச்சி இல்லாத வேலை பாத்தது இதையெல்லாம் கழிச்சுக்கலாம், ஆனா ஆதாரம் வேணும், பழைய ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கவே ரெண்டு மாசம் ஆகும்.

குளோபல் ஃபெலோஷிப்னு இன்னொரு வகை இருக்கு, ஐரோப்பாவுக்கு வெளிய போய் ஆராய்ச்சி பண்ணிட்டுத் திரும்புறது, அது ஐரோப்பியக் குடிமக்களுக்கும் அங்க நீண்டகாலமா வசிக்கிறவங்களுக்கும் மட்டும். இங்க இருந்து போடுறவங்க நான் மேல சொன்ன வகையை, அதாவது யூரோப்பியன் ஃபெலோஷிப்பைத்தான் பாக்கணும்.

டெட்லைன் செப்டம்பர்தானேன்னு ஜூலையில சூப்பர்வைசர் தேடாதீங்க. ப்ரபோசலை நீங்க தனியாப் போட முடியாது, ஹோஸ்டோட சேந்துதான் போடணும், ஐரோப்பிய யூனியனோட விண்ணப்பப் போர்ட்டல்ல அதைத் தொறக்குறதே சூப்பர்வைசர்தான். நெறைய ஹோஸ்ட்கள் உள்ளுக்குள்ள ஒரு தேதி வெச்சு வசந்த காலத்துலயே ஆளை முடிவு பண்ணிடுறாங்க, அது அறிவிப்புப் பக்கத்துல எங்கயும் இருக்காது, மெயில் போட்டுக் கேட்டாத்தான் தெரியும். கடைசி நாள் பிரஸ்ஸல்ஸ் நேரம் சாயங்காலம் 5 மணின்னா நமக்கு ராத்திரி எட்டரை, அன்னிக்கு உங்க சூப்பர்வைசர் லீவுல இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. ப்ரபோசலோட முக்கியப் பகுதி 10 பக்கம், பதினொண்ணாவது பக்கத்தை யாரும் படிக்க மாட்டாங்க.

சும்மா போட்டுப் பாப்போம்னு அரைகுறையாப் போடுறது ரொம்ப ஆபத்து. 70 சதவீதத்துக்குக் கீழ மார்க் வந்தா அதே ஹோஸ்டோட அடுத்த வருஷம் போட முடியாது. உங்க ஒரு அவசரம் உங்களுக்காக நேரம் ஒதுக்குன சூப்பர்வைசரையும் சேத்துக் கட்டிப்போடும்.

ஃபார்ம்ல ஈஆர்ஏ ஃபெலோஷிப்னு ஒரு டிக் பாக்ஸ் வரும். போர்ச்சுகல், போலந்து, செக், கிரீஸ், எஸ்டோனியா மாதிரி நாட்டு ஹோஸ்ட்டா இருந்தா அதை டிக் பண்ணுங்க, மெயின்ல கெடைக்காட்டி அதே ப்ரபோசல் இன்னொரு நிதிக்குப் போகும். 85 சதவீதம் மேல வந்து கெடைக்காம போனவங்களுக்கு சீல் ஆஃப் எக்ஸலன்ஸ்னு சான்றிதழ் வரும், அது காசு இல்ல, அதைக் காட்டிப் பணம் குடுக்குற வேற திட்டத்தை நீங்கதான் தேடிப் பிடிக்கணும்.

காசு விஷயம். 2024 கால்ல மாசம் 5,080 யூரோன்னு போட்டிருந்துச்சு, 2025ல இன்னும் ஏத்துனாங்க. அது கைக்கு வர்ற சம்பளம் இல்லைங்க. நாட்டுக்கு நாடு விலைவாசிக்கு ஏத்த மாதிரி அதை மாத்துவாங்க, அப்புறம் முதலாளி கட்ட வேண்டிய இன்ஷூரன்ஸ், பென்ஷன் பங்கும் அதுல இருந்துதான் போகும், அதுக்கு மேல உங்க பங்கு, உங்க வரி. வீட்ல சொல்லி லோன் கணக்குப் போடுறதுக்கு முன்னாடி ஹோஸ்டோட எச்ஆர் கிட்ட கைக்கு எவ்ளோ வரும்னு எழுத்துல கேளுங்க, தப்பே இல்ல.

இதுக்கு அப்ளிகேஷன் ஃபீஸ் ஒரு ரூபா கூட கிடையாது. சீட் வாங்கித் தர்றேன், ஹோஸ்ட் பிடிச்சுத் தர்றேன்னு எவனாவது பணம் கேட்டா குடுக்காதீங்க, ஹோஸ்ட் விளம்பரமெல்லாம் ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைகளுக்கான யூராக்ஸஸ் தளத்துல இலவசமாவே இருக்கு.

ரிசல்ட் பிப்ரவரில வரும், அதுவரைக்கும் சும்மா உக்காராம டிகிரி சர்டிஃபிகேட்டை எடுத்து வெளிய வைங்க. மாநில அரசு சான்றொப்பம், அப்புறம் வெளியுறவுத் துறை அப்போஸ்டில் (சர்டிஃபிகேட் நிஜம்னு வெளிநாட்டுக்குக் காட்டுற முத்திரை)னு விசாவுக்குக் கேட்டா ஒவ்வொரு கவுன்ட்டர்லயும் நாள் போகும், பேர்ல இனிஷியல் சர்டிஃபிகேட்ல ஒரு மாதிரி பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி இருந்தா இன்னும் இழுக்கும், அதை இப்பவே சரி பண்ணிருங்க.