ஒன்றரை ஷிப்ட் கொடுத்தால் கணக்கு தீர்ந்துவிடுமா?

"வேலையை விட்டுப் போன டெய்லருக்குக் கணக்கை முடித்துத்தான் அனுப்பினேன் சார். இப்போது ஓவர்டைம் பாக்கி என்று நோட்டீஸ் விட்டிருக்கிறார்." இந்த மாதமும் ஒரு பனியன் கம்பெனி முதலாளி வந்து உட்கார்ந்தார். தன் பக்கம் நியாயம் என்று காட்டக் கூலிப் பதிவேட்டையும் கொண்டுவந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் 1½, 1½ என்று எழுதியிருந்தது. எதிராளிக்கு வேண்டிய சாட்சியை அவரே சுமந்து வந்திருக்கிறார்.

திருப்பூரில் தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் எனக்கு இந்த ஒன்றரையை விளக்கியே தொண்டை வறண்டுவிட்டது.

காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி நேரம், ஒரு ஷிப்ட். பிறகு ஒன்பதரை வரை தைத்தால் அரை ஷிப்ட். இது ஊர் வழக்கம். சட்டத்துக்கு அரை ஷிப்ட் என்று ஒன்று தெரியாது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் நாளுக்கு ஒன்பது மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினால் இரட்டிப்புக் கூலி. ஆறு நாளும் எட்டு மணி நேரம் பார்த்தாலே 48 நிரம்பிவிடும்; அதற்கு மேல் ஓடுவதெல்லாம் ஓவர்டைம்தான்.

ஷிப்டுக்கு 480 ரூபாய் வாங்கும் டெய்லருக்கு மணிக்கு 60 ரூபாய். மாலைக்குப் பிந்தைய நான்கு மணி நேரத்துக்கு நீங்கள் கொடுப்பது 240. கொடுக்க வேண்டியது 480. வாரம் முழுக்க இப்படி ஓடினால் பாக்கி 1,440 ரூபாய். "அதுதான் அரை ஷிப்ட் சேர்த்துக் கொடுக்கிறேனே" என்கிறார்கள். நேரம் ஒன்றரை மடங்கு, கூலியும் ஒன்றரை மடங்கு என்றால் நீங்கள் சேர்த்துக் கொடுத்தது எது? பகலில் தைத்த அதே விலைக்கு இரவிலும் தைக்க வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு, ஓவர்டைம் இல்லை என்பதும் தவறு. முந்தைய மாதச் சராசரி வருமானத்தை வைத்து அதற்கும் கணக்குப் போட அந்த 1948 சட்டத்திலேயே வழி இருந்தது. "பன்னிரண்டு மணி நேரச் சட்டம் வந்துவிட்டதே" என்பவர்களுக்கு: 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய அந்த மசோதா மே தினத்தன்றே திரும்பப் பெறப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் எட்டு மணி நேரம், இரட்டிப்புக் கூலி என்றே சொல்கிறது. ஓவர்டைமுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. சம்மதக் கடிதம் வாங்கிவிட்டால் கூலி பாதியாகிவிடாது.

இரண்டு பதிவேடு வைக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் ஆடிட்டருக்குக் காட்டும் பதிவேட்டில் எல்லோரும் ஐந்தரைக்கு வீடு போயிருப்பார்கள். அந்த ஆடிட்டரோ, மெஷினில் ஊசி உடையும்போதெல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கும் உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேட்பார். ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்த நேரம் இரவு 9.10, துண்டுகளை ஒட்டிக் கையெழுத்தும் போட்டிருக்கும். ஆள் இல்லாத மெஷினில் ஊசி எப்படி உடைந்தது? ஆர்டரே போய்விடும்.

தயவுசெய்து ஆர்டர் எடுக்கும்போதே காஸ்டிங்கில் (செலவுக் கணக்கில்) இரட்டிப்பு ஓவர்டைமைச் சேருங்கள். கட்டுப்படியாகாது என்றால் கப்பல் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். டையிங்கில் (சாயமேற்றும் இடத்தில்) துணி நான்கு நாள் தாமதமானால் அந்த நான்கு நாளை டெய்லரின் தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். உள்ளே வரும் நேரம், வெளியே போகும் நேரம் இரண்டையும் உள்ளபடி எழுதுங்கள். கூலிச் சீட்டில் ஓவர்டைமுக்குத் தனி வரி போடுங்கள். காண்ட்ராக்டர் வழியாக வந்த ஆள் என்றாலும், அவர் கொடுக்காமல் போனால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

தொழிலாளர்களுக்கும் ஒன்று. கம்பெனி வேன் கிளம்பும் நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சனிக்கிழமைச் சம்பளக் கவரைக் கிழித்துப் போடாதீர்கள். வேலையை விட்டு நின்று நான்கு வருடம் கழித்து வெறும் கையோடு வந்தால் நான் என்ன செய்வேன்?