செல்லாத பாயிண்டரைப் படித்தும் கர்னல் விழாமல் இருப்பது எப்படி?

நினைவக முகவரி ஒன்றைச் சுட்டும் மாறியான பாயிண்டரைத் தொடுவதற்கு முன் அது சரியான முகவரிதானா என்று ஓர் இஃப் போட்டுப் பார்த்தால் போதாதா? இயங்குதளத்தின் மையமான கர்னலின் நிரலைப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. பூஜ்ய மதிப்புள்ள NULL பாயிண்டரை அப்படிப் பிடித்துவிடலாம். மற்றவை வெறும் 64 பிட் எண்கள். நல்லதும் கெட்டதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எந்த முகவரி நினைவகத்தின் எந்த இடத்தோடு மேப் ஆகியிருக்கிறது என்று சொல்லும் பேஜ் டேபிளைப் பார்த்து உறுதி செய்தாலும், அதற்கும் படிப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில் வேறொரு சிபியு அந்த மேப்பிங்கை நீக்கிவிட முடியும்.

நினைவகப் பக்கம் (பேஜ்) ஒன்றின் விவரங்களை அச்சிடும் லினக்ஸ் கர்னலின் டம்ப்_பேஜ் போன்ற டீபக் நிரல்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நினைவகத்தில் ஏதோ கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகே அவற்றை அழைக்கிறோம். அதாவது, அவற்றின் கைக்கு வரும் பாயிண்டர்கள் தொடக்கத்திலேயே சந்தேகத்துக்குரியவை. விசாரிக்க வந்த நிரலே செல்லாத முகவரியைத் தொட்டு ஃபால்ட் ஆகி விழுந்தால், முதல் பிழையின் தடயம் இரண்டாவது ஊப்ஸுக்கு (கர்னலின் பிழை அறிக்கைக்கு) அடியில் புதைந்துவிடும்.

கர்னலின் தீர்வு முன்கூட்டிச் சோதிப்பதை நம்பவில்லை. படித்துப் பார், ஃபால்ட் வந்தால் தப்பிக்கும் வழியை முன்பே எழுதி வை என்கிறது. காப்பி_ஃப்ரம்_கர்னல்_நோஃபால்ட் என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. 2020 வரை இதன் பெயர் ப்ரோப்_கர்னல்_ரீட்.

உள்ளே நடப்பது அழகானது. கர்னல் முகவரியாக இருக்கவே முடியாத எண் என்றால் முதலிலேயே -34, அதாவது ஈரேஞ்ச், என்று மறுத்துவிடுகிறது. அதைத் தாண்டினால் பேஜ்ஃபால்ட்_டிஸேபிள் அழைக்கப்படுகிறது. ஃபால்ட் வந்தால் தூங்கக்கூடிய (காத்திருக்க நேரும்) வேலை எதையும் அதைக் கையாளும் நிரலான ஹேண்ட்லர் தொடங்கக் கூடாது என்பதற்கான அறிவிப்பு அது. பிறகு 8, 4, 2, 1 பைட் துண்டுகளாகப் படிப்பு நடக்கிறது. படிக்கும் ஒவ்வொரு மூவ் கட்டளைக்கும் எக்ஸெப்ஷன் டேபிளில் ஒரு பதிவு உண்டு. எக்ஸ்86 வகை சிபியுக்களில் ஒரு பதிவுக்கு 12 பைட், அதாவது மூன்று 32 பிட் எண்கள்: ஃபால்ட் ஆகக்கூடிய கட்டளை எங்கே, ஆனால் எங்கே தாவ வேண்டும், எந்த வகையில் கையாள வேண்டும். முதல் இரண்டும் முழு முகவரிகள் அல்ல, அந்தந்த எண் இருக்கும் இடத்திலிருந்து உள்ள தூரம். அதனால் பூட்டின்போது கர்னல் எந்த முகவரியில் ஏற்றப்பட்டாலும் அவை மாறுவதில்லை.

ஃபால்ட் வந்ததும் ஹேண்ட்லர், விழுந்த கட்டளையின் முகவரியை இந்த டேபிளில் தேடுகிறது. கர்னலை பில்ட் செய்யும்போதே டேபிள் வரிசைப்படுத்தப்பட்டுவிடுவதால் பைனரி தேடல் போதும். ஆயிரம் பதிவுகள் இருந்தாலும் சுமார் பத்து ஒப்பீடுகளில் முடிந்துவிடும். பதிவு கிடைத்தால், சேமித்து வைத்த ரெஜிஸ்டர்களில் அடுத்து இயங்க வேண்டிய கட்டளையைக் காட்டும் இன்ஸ்ட்ரக்ஷன் பாயிண்டரை மட்டும் மாற்றிவிட்டு ஹேண்ட்லர் திரும்புகிறது. சிபியு தப்பிக்கும் வழியில் தொடர்கிறது. அழைத்தவருக்கு -14, அதாவது ஈஃபால்ட், கிடைக்கிறது. ஃபால்ட் வராதபோது டேபிளைத் தொடவே தேவையில்லை.

இதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு டம்ப்_மேப்பிங் நல்ல பாடம். ஒரு பேஜ் எந்தக் கோப்புக்குரியது என்று காட்ட அது மேப்பிங் (கோப்பின் பேஜ்களைக் கணக்கில் வைப்பது), ஐநோட் (கோப்பின் விவரங்கள்), டென்ட்ரி (கோப்பின் பெயர்ப் பதிவு) என்று தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலிலும் தேவையான தகவலைத் தன் ஸ்டாக்கில் உள்ள மாறிக்கு நோஃபால்ட் வழியாக நகலெடுக்கிறது. எங்கே தோற்கிறதோ அங்கே "செல்லாத ஐநோட்" போன்ற ஒரு வரியை அச்சிட்டு நின்றுவிடுகிறது. அந்த வரியே ஒரு துப்பு.

ஆனால் டென்ட்ரியை முழுதாக நகலெடுத்த பிறகும் உள்ளே பெயருக்கான பாயிண்டர் ஒன்று மிச்சம் இருந்தது. அது கெட்டிருந்தால் விழ வாய்ப்புண்டு, ஆனால் அப்படி நேர்வது அரிது என்று நிரலின் குறிப்பே சொன்னது. அந்த அரிதானது நடந்தது. 2024-இல் பெயரையும் நோஃபால்ட் முறையில் நகலெடுக்கும்படி திருத்தினார்கள். நகலெடுத்தது ஸ்ட்ரக்சரைத்தான், அது சுட்டிக்காட்டும் இடத்தை அல்ல என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. படிப்பு வெற்றி பெற்றால் முகவரி மேப் ஆகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். விடுவிக்கப்பட்டு வேறொருவர் கைக்குப் போன நினைவகமாகவும் இருக்கலாம். சாதன ரெஜிஸ்டர் மேப் ஆன முகவரி என்றால், படிப்பதே சாதனத்தின் நிலையை மாற்றிவிடக்கூடும்.

சர்வர் விழுந்ததும் ரீபூட் செய்துவிட்டு மறந்துவிடும் பழக்கம் பல இடங்களில் சடங்காகவே ஆகிவிட்டது. அதை மாற்ற, விழுந்த நேரத்து நிலையைக் காட்டும் நம்பத்தக்க டம்ப் வேண்டும். புதிய அம்சங்களுக்குக் கிடைக்கும் நேரமும் நிதியும் இந்தப் பிழைப்பாதைகளைச் சோதிக்கவும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சோதனை ஒன்றும் கடினமல்ல. எக்ஸ்86-64-இல் கர்னலில் ஏற்றக்கூடிய ஒரு சிறு மாட்யூல் எழுதி மூன்று முகவரிகளைக் கொடுங்கள். பூஜ்யத்துக்கு அருகிலுள்ள முகவரிக்கு -34 வர வேண்டும். எதுவும் மேப் ஆகாத கர்னல் முகவரிக்கு -14. மூன்றாவது, விடுவிக்கப்பட்ட நினைவகத்தை ஸ்லாப் டீபக் என்ற கர்னல் சோதனை வசதி நிரப்பும் ஹெக்ஸ் 6பி பைட்டுகளாலான எட்டு பைட் முகவரி. அது கனானிக்கல் அல்லாதது, அதாவது சிபியு முகவரியாக ஏற்கும் வடிவில் இல்லாதது. நேரடியாகத் தொட்டால் பேஜ் ஃபால்ட்டுக்குப் பதில் ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட் வரும். நோஃபால்ட் ஃபங்ஷன் அதைத் தொடும் முன்பே மறுத்து -34 தரும்.