சில்லில் உயிர் இல்லை: பயோசிப் என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டினத்துக்கு அருகே எங்கள் ஊரில் கோமாரித் தடுப்பூசி முகாம் நடந்தது. பக்கத்து வீட்டு அவ்வா தன் கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். (எங்கள் பக்கம் தெலுங்கு பேசும் வீட்டுப் பாட்டிகளைத் தமிழ் வீட்டுக்காரர்களும் அவ்வா என்றுதான் கூப்பிடுவோம்.) ஊசி போட்டு முடிந்ததும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காதுவில்லை போட வேண்டும் என்று பணியாளர் கூப்பிட்டும் நிற்கவில்லை. என்னிடம் மட்டும் நின்று சொன்னார்: "அதுல உயிர்ச்சில்லு இருக்குதாமே சாமி. மாட்டுக்கு மட்டும் இல்லையாம், பால் குடிக்கிற நமக்கும் வருமாம்."

காதுவில்லை என்பது மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் துண்டு. அதில் 12 இலக்க எண்ணும் பட்டைக்கோடும் அச்சிட்டிருக்கும். உள்ளே சிப் எதுவும் கிடையாது. ஊரில் சிலர் அதை மாட்டுக் கம்மல் என்றே சொல்கிறார்கள், பொருத்தமான பெயர். சரி, பயோசிப் என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்த்துச் செய்த 'உயிர்ச்சில்லு' அவ்வாவுக்கு எப்படி வந்தது? முதலில் போனில் சுற்றிய ஒரு குரல்பதிவில் வந்திருக்கிறது. அப்புறம் அந்த வதந்தியை மறுக்க அச்சடித்த துண்டறிக்கையிலும் அதே சொல். "உயிர்ச்சில்லு குறித்த வதந்திகளை நம்பாதீர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பயமுறுத்தியவரும் பயத்தைப் போக்க வந்தவரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டால், கேட்பவர் மனத்தில் தங்குவது அந்தச் சொல்தான். நாற்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பயோ' என்பது கிரேக்கத்தில் வாழ்வைக் குறிக்கும் 'பயோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'சிப்' என்பது மரத்தைச் செதுக்கும்போது தெறிக்கும் துண்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பழைய பெயர். 1958-இல் ஜாக் கில்பியும் 1959-இல் ராபர்ட் நாய்சும் ஒரே துண்டுக்குள் முழு மின்சுற்றையும் அடக்கும் வழியைக் கண்டார்கள். பெரிய சிலிக்கான் தட்டை அறுத்து எடுக்கும் அந்தச் சிறு துண்டுக்குச் சிப் என்ற பெயர் நிலைத்தது. பிறகு கண்ணாடியிலோ சிலிக்கானிலோ ஆன சிறு துண்டின் மேல் ஆயிரக்கணக்கான டிஎன்ஏ துணுக்குகளை வரிசையாகப் பதித்து ஒரே நேரத்தில் சோதிக்கும் முறை வந்தது. 1991-இல் ஸ்டீபன் ஃபோடரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி திறந்தது. அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. பயோசிப் என்று ஆய்வகங்களில் சொல்வது இதைத்தான்.

சிப் என்பதற்குச் 'சில்லு' அருமையான சொல். மொழிபெயர்ப்பு என்றே தோன்றாது. தேங்காய்ச் சில்லு, ஓட்டுச் சில்லு, பாண்டி ஆடும்போது கட்டத்துக்குள் எறியும் சில்லு என்று எல்லாமே பெரியதிலிருந்து உடைந்த சிறு துண்டுகள்தான். ஆங்கிலத்தில் சிப் நடந்த பாதையிலேயே தமிழில் சில்லும் நடந்திருக்கிறது. இலங்கையில் சில்லு என்றால் வண்டிச் சக்கரம். அங்குள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு கணம் தடுமாறலாம், அவ்வளவுதான். என் சண்டை சில்லோடு இல்லை, அதற்கு முன்னால் ஒட்டவைத்த உயிரோடு.

உயிர் என்ற சொல் தமிழில் முன்னால் வந்து நின்றால் என்ன பொருள் தருகிறது? உயிர்த்தோழன், உயிர்மூச்சு, உயிர்நாடி என்பவை ஒரு வகை. உயிரைப் போல அருமையானது, அது இல்லாவிட்டால் உயிரே இல்லை என்று பொருள். உயிர்ச்சேதம், உயிர்ப்பலி, உயிர்க்கொல்லி என்பவை இன்னொரு வகை. உயிர் போவது, போக்குவது என்று பொருள். தினம் செய்தித்தாளில் உயிர்ச்சேதம் என்று படிக்கிற கண் உயிர்ச்சில்லு என்பதை எந்தப் பக்கம் சேர்க்கும்? ச் என்ற ஒற்று உட்பட இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்று, அந்தச் சில்லுக்கு உயிர் இருக்கிறது, உடம்புக்குள் ஊர்ந்து போகும் என்று நினைக்க வேண்டும். இல்லை, அது உயிரை எடுக்கும் என்று நினைக்க வேண்டும். அவ்வா இரண்டையும் சேர்த்தே நினைத்தார். அவர் தமிழைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. மொழிபெயர்த்தவர் எழுதியதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

இதில் எங்கள் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தெலுங்கில் 'சில்லு' என்றால் ஓட்டை. ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். அந்தக் காதில் உயிர்ச்சில்லு எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். உயிரில் ஓட்டை! அதைச் சொல்லிக்கொண்டே மாட்டின் காதில் ஓட்டை போட வந்தால் எந்தக் கிழவி நிற்பாள்? இதற்காகச் சில்லு என்ற சொல்லையே கைவிடச் சொல்லவில்லை. ஆனால் எந்த ஊரில், எந்தக் காதுக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது.

உயிர்ச்சில்லை ஆதரிப்பவர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். விவசாயிகள் உயிர் உரம் என்று சொல்கிறார்களே, அது மட்டும் எப்படிப் பொருந்துகிறது என்கிறார்கள். நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் அந்தப் பொட்டலத்துக்குள் உயிர் இருக்கிறது. ரைசோபியமும் அசோஸ்பைரில்லமும் உயிருள்ள நுண்ணுயிரிகள். வெயிலில் போட்டால் செத்துவிடும், அதனால்தான் நிழலில் வைக்கச் சொல்கிறார்கள். சில்லை வெயிலில் போட்டால் சாவதற்கு அதில் எதுவும் இல்லை. இருப்பது கண்ணாடி, சிலிக்கான், சிறிது வேதிப்பொருள்.

இன்னொரு சாரார் 'உயிரிச்சில்லு' என்கிறார்கள். இது பரவாயில்லை. உயிரி என்றால் உயிருடையது. உயிரித் தொழில்நுட்பம் போல, உயிரிகளின் பொருள்களைக் கையாளும் சில்லு என்று பொருள் கொள்ள இடம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பொதுப்பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வேகமாகச் சொல்லும்போது உயிரிச்சில்லுக்கும் உயிர்ச்சில்லுக்கும் நடுவே இருப்பது ஒரு இகரம் மட்டும். முகாமில் ஒலிபெருக்கியில் சொன்னால் அந்த இகரம் காற்றோடு போய்விடும்.

பெரிய தவறு வேறு. பயோசிப் என்ற ஒரே பெயரில் இன்று இரண்டு வெவ்வேறு பொருள்கள் உலாவுகின்றன. ஒன்று, நம் ரத்தத்தையோ சளியையோ எச்சிலையோ வெளியே எடுத்து வைத்துச் சோதிக்கும் சில்லு. இன்னொன்று, நம் தோலுக்கு அடியில் வைக்கும் சில்லு. முதலாவதற்கு உடம்பிலிருந்து ஒரு துளி போகிறது. இரண்டாவது உடம்புக்குள்ளேயே வருகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒன்றைப் பற்றிய பயம் மற்றொன்றின் மேல் போய் விழும்.

விழவும் செய்கிறது. காசநோய்க்கு அரசுத் திட்டத்தில் பயன்படும் ட்ரூநாட் சோதனை இந்தியாவிலேயே உருவானது. ஓசூரைத் தாண்டினால் வரும் பெங்களூருவில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை ஏற்றது. சளியிலிருந்து பிரித்த டிஎன்ஏவை ஒரு சிறு சில்லின் மேல் விட்டு இயந்திரத்தில் செருகினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பயன்படுத்திய சில்லு கழிவுக்குப் போய்விடும், யார் உடம்புக்கும் போகாது. ஆனால் இதற்கும் உயிர்ச்சில்லு என்று பெயர் வைத்தால், சளி கொடுக்கப் போகிறவர் தயங்குவாரா மாட்டாரா?

தோலுக்கு அடியில் வைக்கும் சில்லும் கட்டுக்கதை இல்லை. வெரிசிப் என்ற சில்லை மனித உடம்பில் வைக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-இல் ஒப்புதல் கொடுத்தது. பெரிய அரிசி மணி அளவு, அதில் ஒரு 16 இலக்க எண். மின்கலம் கிடையாது. படிக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் மட்டும் எண்ணைச் சொல்லும். எங்கே இருக்கிறோம் என்று வானத்துக்குச் சேதி அனுப்பாது. அதே ஆண்டில் மெக்சிகோவில் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தார் சிலர் கையில் வைத்துக்கொண்டார்கள். எதிர்ப்பும் எழுந்தது. யாரையும் கட்டாயப்படுத்திச் சில்லு வைக்கக் கூடாது என்று 2006-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் சட்டமே போட்டது. 2010-இல் வெரிசிப் விற்பனை நின்றது. அந்த அரிசி மணியை உள்ளே தள்ள வேண்டுமென்றால் நல்ல தடித்த ஊசி வேண்டும். தடுப்பூசி போடும் மெல்லிய ஊசியில் அது நுழையாது. இந்த ஒரு வரியைத் துண்டறிக்கையில் போட்டிருந்தால் போதும். போடவில்லை. "நம்பாதீர்" என்று மட்டும் போட்டார்கள்.

மக்களுடைய சந்தேகத்தை முட்டாள்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2016-இல் வந்த 2000 ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டரில் புதைத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்று படித்தவர்களே பரப்பினார்கள். அது பொய். ஆனால் சந்தேகம் எல்லாமே பொய்யிலிருந்து முளைப்பதில்லை. பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில் 1992-இல் வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை ஆட்களின் வன்கொடுமை நடந்தது. 2011-இல் தீர்ப்பு வந்தது. 2023-இல்தான் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த மண்ணில் சீருடையையும் அரசுக் கோப்புகளையும் பார்த்து ஒருவர் ஓரடி பின்னால் நின்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

நிறுவனங்கள் மேல் வரும் சந்தேகமும் அப்படித்தான். எச்சிலை வாங்கிச் சில்லில் வைத்து மரபணு பார்த்துச் சொல்லும் 23அண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2023-இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நம் குடும்பத்தின் மரபணுக் கணக்கு யார் கைக்கு மாறும் என்று அங்கே பலர் கவலைப்பட்டார்கள். இங்கே அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. மக்களின் டிஎன்ஏ விவரங்களைச் சேர்த்து வைக்க வழிசெய்யும் டிஎன்ஏ தொழில்நுட்ப மசோதா 2019-இல் மக்களவைக்கு வந்து, பல எதிர்ப்புகளுக்குப் பிறகு 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. இவையெல்லாம் நியாயமான சந்தேகத்துக்குக் கிடைத்த இடங்கள். உயிர்ச்சில்லு என்ற சொல் அந்த நியாயமான சந்தேகத்தைப் பேய்க்கதையாக்கிவிடுகிறது. பேய்க்கதை என்று ஆனதும் பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை இரண்டு சொற்கள். வெளியே வைத்துச் சோதிப்பது 'சோதனைச் சில்லு'. மரபணுவை மட்டும் பார்ப்பதென்றால் மரபணுச் சில்லு. உடம்புக்குள் வைப்பது 'பதிசில்லு'. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. பதித்த சில்லு, பதிக்கின்ற சில்லு, பதிக்கப்போகும் சில்லு என்று முக்காலமும் அதில் அடங்கும். பதி என்றதும் யார் பதித்தார்கள், யாரைக் கேட்டுப் பதித்தார்கள் என்ற கேள்வி தானாக எழும். எண்ணைப் பதிவு செய்கிற பொருளும் கூடவே வரும். உடம்பில் பொருத்துவதால் பொருத்துசில்லு என்று சிலர் சொல்லிப்பார்த்தார்கள். பொருத்தம் என்றால் நம் ஊரில் முதலில் ஜாதகம்தான் நினைவுக்கு வரும். எனக்கு அது பிடிக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். பயோ என்று கண்டவுடன் உயிர் என்று கை ஏன் தானாக எழுதுகிறது? ரேஷன் கடைக்கு பயோமெட்ரிக் கருவி வந்தபோது மக்கள் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ரேகை வைக்கிற மெஷின் என்றார்கள். கை என்ன செய்கிறதோ அதையே பெயராக்கினார்கள். கியூவில் நிற்கிற யாருக்கும் குழப்பம் வரவில்லை. அகராதியைத் திறப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் அந்தக் கியூவில் நின்றிருந்தால் பாதிச் சொற்கள் கிடைத்திருக்கும். ஓசூர்ப் பக்கம் மின்னணு ஆலைகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் சிப் என்றே பேசுகிறார்கள். பேசட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அரசோ நிறுவனமோ மக்களிடம் ஒப்புதல் கேட்டு நீட்டுகிற தாளில், என்ன வைக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்று சொல்லிலேயே தெரிய வேண்டும்.

அன்று மாலை அவ்வாவின் தொழுவத்துக்குப் போனேன். "அவ்வா, அது பதிசில்லும் இல்லை, ஒரு சில்லும் இல்லை. பிளாஸ்டிக்கில் நம்பர், அவ்வளவுதான்" என்றேன். கொஞ்ச நேரம் மாட்டின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ அந்த நம்பரை வெச்சு என்னத்தையெல்லாம் எழுதி வெப்பாங்க? எவ்வளவு பால் கறக்குதுன்னும் எழுதுவாங்களா? அது யாருகிட்ட இருக்கும்?" சினை, தடுப்பூசி, பால் விவரமெல்லாம் அரசின் கணினியில் ஏறும் என்று சொன்னேன். "அதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார். அடுத்த முகாமில் இதை அந்தப் பணியாளரிடம் நானே கேட்கப்போகிறேன்.

ஒரு வேண்டுகோள். சோதனைச் சில்லு என்று எழுதும்போது நடுவில் ச் வரும். பதிசில்லு என்பது வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது. அச்சுக் கோப்பவர்கள் பழக்கத்தில் 'பதிச்சில்லு' ஆக்கிவிடாதீர்கள்.