கோர்ல ஒரு கல்லு கிடைச்சதும் பனியுகம்னு எழுதிடாதீங்க

கடலடி மண்ணு பாக்குறதுதான் என் வேலை, லேபுக்கு புதுசா வர்ற பசங்க நிறைய பேர் பண்றது இதுதான்: வட அட்லாண்டிக் கோரை (கடலடில குழாய் இறக்கி எடுக்குற நீள மண் உருளை) ரெண்டா பிளந்து வெச்சா நைசான சேறுக்கு நடுவுல சுண்டல் சைஸ்ல ஒரு கல்லு உக்காந்திருக்கும், உடனே "மிதக்குற பனிமலை கொண்டு வந்தது"ன்னு எழுதிடுவாங்க. இருக்கலாம். ஆனா கடல்பாசி வேரோட கல்லைக் கவ்விக்கிட்டு மிதந்து போகும், சீல் (கடல்நாய்) கல்லை முழுங்கிட்டு வேற எங்கயோ போய் கக்கும், கப்பல் ரூட்டா இருந்தா நீராவிக் கப்பல்காரன் கொட்டின நிலக்கரிக் கசடு கூட கிடைக்கும் (கருப்பா ஓட்டை ஓட்டையா இருக்கும், எரிமலைக் கல்லுன்னு ஏமாந்துடுவீங்க).

அதனால ஒத்தக் கல்லை விட்டுட்டு மணலை எண்ணுங்க. மண்ணை 150 மைக்ரான் சல்லடைல தண்ணி விட்டு அலசி, மிஞ்சுறத கருப்பு தட்டுல பரப்பி மைக்ராஸ்கோப்ல பாருங்க. சாதாரண லேயர்ல ஃபொராமினிஃபெரா (ஓடு உள்ள ஒரு செல் கடல் உயிர்) ஓடுதான் மெஜாரிட்டி. ஹைன்ரிக் லேயர்னா (பனியுகத்துல கூட்டமா மிதந்து வந்த பனிமலைங்க உருகிக் கொட்டின லேயர்) ஓடு திடீர்னு குறைஞ்சு கல்லுத் துகளா நிக்கும், இருக்குற கொஞ்ச ஓடும் பெரும்பாலும் குளிர்கடல் இனமான பேக்கிடெர்மாதான், அதுவும் இடது பக்கம் சுத்தினது. 1988ல ஹார்ட்முட் ஹைன்ரிக் இந்த லேயர்களைப் பத்தி பேப்பர் போட்டார், அதனாலதான் அந்தப் பேரு.

அடுத்தது எந்த ஊர் கல்லுன்னு பாக்கணும். இந்த லேயர்ல வெளிர் மஞ்சளா சுண்ணாம்புக்கல், டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் மாதிரி பாறை) துகள் வரும், கனடாவோட ஹட்சன் ஜலசந்தி பக்கத்துப் பாறை அது. லேயரும் அங்க தடிமனா இருந்து ஐரோப்பா பக்கம் போகப்போக சில சென்டிமீட்டரா மெலிஞ்சிடும், பனிமலைங்க எந்தப் பக்கத்துல இருந்து கிளம்புச்சுன்னு அதுலயே தெரிஞ்சிடும். ஆசிட் டெஸ்ட் பண்றவங்க தயவுசெஞ்சு சேத்து மேல அப்படியே ஊத்தாதீங்க, ஓடும் சுண்ணாம்புதானே, அதுவும் பொங்கும், துகளைத் தனியா பொறுக்கி எடுத்து ஊத்துங்க, டோலமைட்னா பொடி பண்ணாதான் சரியா பொங்கும்.

நம்ம அரபிக்கடல் கோர்ல வேலை பாக்குறவங்க இந்தக் கல்லைத் தேடி டைம் வேஸ்ட் பண்ண வேணாம், பனிமலை அங்க வரவே இல்ல. ஆனா அட்லாண்டிக்ல அப்படி பனிமலைங்க மிதந்து குளிர்ந்து கிடந்த காலத்துல இங்க தென்மேற்கு பருவமழை பலவீனமாயிடுச்சு, பாகிஸ்தான் கரைக்கு வெளிய எடுத்த கோர்ல அது நல்லாவே தெரியும்: மழை வலுவா இருந்த காலம்னா கருப்பா மெல்லிய வரிவரியா இருக்கும், ஹைன்ரிக் காலம்னா வெளிறிப்போய் புழு தோண்டி வரியெல்லாம் கலைஞ்சிருக்கும். அந்த வரி தெரியணும்னா கோரைப் பிளந்த உடனே ஃபோட்டோ எடுத்துடுங்க, காத்து பட்டா கலர் மாறிடும்.