கடைக் கண்ணாடியில் தெரிவது பொம்மையா, நம் முகமா?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் பெரிய கடைகள் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குட்டி உலகத்தையே கட்டி எழுப்பிவிடும். ஓடும் ரயில், தலையாட்டும் மான், பஞ்சுப் பனி மூடிய கூரைகள். ஆனால் நடுப்பகலில் போய் நின்று பாருங்கள். நம் முகம், பின்னால் போகும் பஸ், எதிர்க் கட்டடம், இவற்றுக்கு இடையில்தான் அந்த மான் மங்கலாகத் தெரியும். இருட்டிய பிறகு அதே இடத்தில் நின்றால் கண்ணாடி இருப்பதே தெரியாது.

காரணம் ஒரு சின்ன எண். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பி வந்துவிடுகிறது. மறுபக்கம் வெளியேறும்போது இன்னொரு 4 சதவீதம். ஆக, ஒற்றைக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. குளிர் நாடுகளின் இரட்டைக் கண்ணாடியில் நான்கு பரப்புகள் இருப்பதால் இது 15 சதவீதம் வரை போகும்.

8 சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் தெரியும். நேரடி வெயிலில் தெருவின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இருக்கும். கண்ணாடிக்கு உள்ளே நன்றாக விளக்குப் போட்டாலும் ஓரிரு ஆயிரம் லக்ஸ்தான். ஒரு லட்சத்தில் 8 சதவீதம் 8,000. தெருவின் பிம்பம் உள்ளே இருக்கும் பொம்மையைப் பல மடங்கு வென்றுவிடுகிறது. இரவில் தெருவிளக்கு தருவது 20 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் திரும்பி வருவது 2 லக்ஸ்கூட இல்லை. பொம்மை பல நூறு மடங்கு பிரகாசமாகிவிடுகிறது.

இப்போது உலக வரைபடத்தைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோமில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நடுப்பகலிலும் அது தொடுவானத்துக்கு மேல் 7 டிகிரிதான் ஏறியிருக்கும். லண்டனில் நான்கு மணிக்கு முன் இருட்டத் தொடங்கும். கடை திறந்திருக்கும் நேரத்தில் பாதி அங்கே இரவுதான், கண்ணாடிக்கு அதைவிட நல்ல நண்பன் கிடையாது. சிங்கப்பூரில் ஏழு மணி ஆக வேண்டும். சிட்னியில் அது உச்சக் கோடை, எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். மெல்போர்னின் மையர் கடை 1956 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காட்சி வைக்கிறது. அங்கே சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிவிடும். பகலில் வரும் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் வெயிலோடு போட்டி போட்டே ஆக வேண்டும்.

எளிய வழி, நடைபாதைக்கு மேல் கூரை போடுவது. ஆஸ்திரேலிய நகரங்களின் பழைய கடைத்தெருக்களில் இதை நிறையப் பார்க்கலாம். மழைக்கும் வெயிலுக்குமான கூரைதான், ஆனால் பார்ப்பவர் மேலும் அவர் பின்னாலும் நிழல் விழுவதால் பிம்பமும் மங்கிவிடுகிறது. லண்டன் பிக்காடிலியில் 1936இல் திறந்த சிம்சன்ஸ் கடை இன்னும் அழகான வழியைப் பிடித்தது. அதன் கண்ணாடி உட்புறமாகக் குழிந்து வளைந்திருக்கும். அப்படி வளைத்தால் அதில் பட்டு நம் கண்ணுக்கு வருவது தெருவின் வெளிச்சமாக இருக்காது, கண்ணாடிக்குப் பக்கத்தில் இதற்காகவே வைத்த கறுப்புத் தடுப்பின் இருட்டாக இருக்கும். இன்று மூக்குக் கண்ணாடிக்குப் பூசுவது போன்ற மெல்லிய பூச்சு அந்த 8 சதவீதத்தை ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. வளைந்த கண்ணாடியைத்தான் நான் அதிகம் ரசிக்கிறேன், எந்த வேதிப்பொருளும் இல்லாமல் வெறும் வடிவத்தால் செய்த வேலை அது.

குளிர் நகரத்துக்கும் ஒரு தொல்லை உண்டு. 21 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக் காற்று, 7 டிகிரி அளவில் உள்ள பொருளைத் தொட்டால் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் ஐந்து டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் அதைவிடக் குளிர்ந்துவிடும், உள்ளே ஆவி படிந்து காட்சி மறையும். இரட்டைக் கண்ணாடியின் உட்பக்கம் 10 டிகிரிக்கு மேல் இருப்பதால் தப்பிக்கிறது. சிங்கப்பூர் போன்ற ஊரில் இது அப்படியே தலைகீழ். வெளிக்காற்று 24 டிகிரி அளவிலேயே நீராகப் படியக்கூடியது. மழை ஓய்ந்த இரவில் ஏசி காற்று நேராகக் கண்ணாடியில் அடித்தால், துளிகள் தெருப்பக்கம் படியும். உள்ளிருந்து துடைத்துப் பயனில்லை, வெளியே வர வேண்டும்.

படிந்த ஆவி ஏன் வெள்ளையாக இருக்கிறது? துளி ஒவ்வொன்றும் ஒளியைத் தன் பரப்பில் கொஞ்சம் திருப்புகிறது, கொஞ்சம் வளைக்கிறது. ஆயிரக்கணக்கான துளிகள் சேர்ந்து எல்லா நிறங்களையும் எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் வெண்மை. வெண்பனியும் அப்படித்தான். பனிக்கட்டிக்குச் சொந்தமாக வெள்ளை நிறம் கிடையாது, கண்ணாடி போலத் தெளிவானது. ஒரு பரப்பு திருப்புவது 2 சதவீதம்தான். கைப்பிடிப் பனியில் எண்ண முடியாத பரப்புகள் இருப்பதால் வெள்ளையாகிவிடுகிறது. பனியே பார்க்காத ஊர்களில் கடைக்காரர்கள் தூவும் செயற்கைப் பனியும் இதே வித்தைதான். அதில் ஒரு வகை சோடியம் பாலிஅக்ரிலேட், குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் அதே வகைப் பொடி. தண்ணீர் ஊற்றினால் தன் எடையைப் போலப் பல மடங்கு உறிஞ்சி உப்பி, பூப்போல நிற்கும். நீர் ஆவியாவதால் தொட்டாலும் லேசாகக் குளிரும்.

அப்புறம் வெப்பம். 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார். அந்த வகை பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் வெளிவிடும். வெயிலும் சேர்ந்தால் மூடிய கண்ணாடிக் கூண்டில் மெழுகு பொம்மை தாங்காது. எல்.இ.டி. வந்த பிறகுதான் கோடை நகரங்களில் பயமில்லாமல் வெளிச்சத்தைக் கூட்ட முடிந்தது.

என்ன கூட்டினாலும் நண்பகலில் சின்ன விளக்குகள் வெளிறித்தான் போகும். ஆனால் பளபளக்கும் கண்ணாடிக் குண்டுகள் வெளிறுவதில்லை. ஜெர்மனியின் லவுஷா ஊரில் 19ஆம் நூற்றாண்டில் ஊதிச் செய்யத் தொடங்கிய அந்தக் குண்டுகளின் உட்புறத்தில் வெள்ளி பூசுவார்கள். காற்றுப் பட்டுக் கறுக்காமல் கண்ணாடியே அதைக் காக்கும். ஒவ்வொரு குண்டும் ஒரு குவியாடி, எதிரே இருக்கும் வானத்தையும் தெருவையும் ஒரு புள்ளிக்குள் சுருக்கிக் காட்டும். வெளியே வெளிச்சம் கூடக்கூட அவையும் கூடவே மின்னும். என்னிடம் சிட்னியில் ஒரு கடை முகப்பைக் கொடுத்தால், பல்புகளைக் குறைத்துவிட்டு இந்தக் குண்டுகளைக் கண்ணாடிக்கு மிக அருகில் தொங்கவிடுவேன்.